நாலு நாள் போதும்

ஜனவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். எங்கள் வீடு இரண்டே அறை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாலும் அவர் காதில் விழும். ஈமெயிலுக்குப் பாஸ்வேர்டு போட்டுத் தந்ததே அவர்தான். அதனால் நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில், மதியம் சாப்பிடும் நேரத்தில் எழுதுகிறேன். பதிலையும் கடை முகவரிக்கே போடு.

நவம்பரிலிருந்து முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் லிப்ட்டுக்கு அடியிலும் மேலேயும் குனிந்து வேலை பார்த்த முதுகு, வலிக்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டோம். அது முதுகு இல்லை. கணையத்தில் புற்று. ஈரலுக்கும் போய்விட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்தக் கோடையைத் தாண்டுவது கஷ்டமாம்.

அவருக்குத் தெரியாது. வீக்கம், மருந்தில் வடிந்துவிடும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்கள் அப்பாவிடம் சொன்ன பிறகு என்ன ஆயிற்று என்று நீ பார்த்தவள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் கடைசிவரை இந்தப்பக்கம் திரும்பவில்லை. இவரையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நீ வர வேண்டும். ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவளாக வர வேண்டும். இருபது வருஷம் கூப்பிட்டும் வராதவள் இப்போது ஏன் வருகிறாய் என்பதற்கு ஒரு காரணம் யோசி. உனக்குத்தான் அதெல்லாம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

என் முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. அண்ணா எப்படி இருக்கிறான் என்று வழக்கமாகக் கேட்கும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்த நாட்டில் டாக்டர்கள் நோயாளியிடம்தானே முதலில் சொல்வார்கள்? நம் வழக்கப்படி வீட்டுக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்களா? தப்பாக நினைக்காதீர்கள். சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். வகுப்பில் ஒரு கரைசல் நிறம் மாறிவிட்டது என்று பிள்ளைகள் சொன்னாலும் நானே ஒருமுறை பார்த்தால்தான் நம்புவேன்.

வருகிறேன். எத்தனை நாள் என்பதில்தான் குழப்பம். டிராவல்ஸ் ஆபீசில் விசாரித்தேன். அங்கே இருந்த பையன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "மேடம், அந்த ஊருக்கு மூணு நாள், மிஞ்சிப்போனா நாலு நாள். அதுக்கு மேல யாரும் இருக்கிறதில்ல. அஞ்சாவது நாள் ரயிலேறி அடுத்த நாட்டுக்குப் போயிடுவாங்க" என்றான். நான் சம்பளமில்லா விடுப்பு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஏப்ரல், மே, ஜூன் என்று நினைத்திருந்தேன். கடைசிவரை கூட இருக்க வேண்டும். அதற்குத்தான் வருகிறேன்.

அண்ணாவுக்குத் தனியாக எழுதுகிறேன். அதில் நீங்கள் சொன்னபடி நடித்திருப்பேன்.

நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.
பாப்பா


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உன் முதுகு வலியைப் பற்றிப் போனில் சொன்னாயே, மருந்து கேட்கிறதா?

இந்த வருஷம் எடுக்காவிட்டால் என் லீவெல்லாம் காலாவதியாகிவிடும் என்று கல்லூரியில் சொல்கிறார்கள். தவிர, எங்கள் தாவரவியல் பேராசிரியை போன வருஷம் உங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போய், இன்னும் ஸ்டாஃப் ரூமில் போட்டோ காட்டி உயிரை எடுக்கிறாள். "சொந்த அண்ணன் இருந்தும் நீங்க பார்த்ததில்லையா? அடப்பாவமே!" என்று தினம் ஒரு குத்து. அவள் வாயை அடைக்கவாவது வந்து போகலாம் என்று இருக்கிறேன்.

அந்த ஊரை முழுதாகப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? அரக்கப் பரக்க ஓடி ஓடிப் பார்க்க என் முழங்கால் இடம் கொடுக்காது. ஒன்றரை மாதம், இரண்டு மாதம் தங்கினால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?

அண்ணிக்கு என் அன்பு.
பாப்பா


பிப்ரவரி 17

என் அருமைச் சந்தேகப் பிராணிக்கு,

முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை. உன் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ வருகிறாய் என்பதை நம்ப ஒரு தடவை. இரண்டு மாதம் என்று எழுதியதை நம்ப இன்னொரு தடவை. இரண்டு மாதமா! நாலு நாள் போதும், தாயே. அரண்மனைக்கு ஒரு நாள். ஆறு, பாலம், மணிக்கூண்டு எல்லாம் சேர்த்து ஒரு நாள். மியூசியம் ஒரு நாள். நாலாவது நாள் கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிட.

மணிக்கூண்டு லிப்ட் பாதி உயரத்தில் ஒரு குலுக்குக் குலுக்கும். கத்திவிடாதே. அது நான் வேண்டுமென்றே சரிபண்ணாமல் விட்டுவைத்த குலுக்கு. அது இல்லாவிட்டால் உயரத்துக்குப் போகிறோம் என்ற நினைப்பே ஜனங்களுக்கு வராது.

நாலு நாளுக்கு மேல் இருந்தால் எந்த ஊரும் நம்ம ஊர்தான். பால் வாங்கணும், குப்பை கொட்டணும், மாடி வீட்டுக்காரனோடு சண்டை போடணும். அதையெல்லாம் செய்ய நீ இவ்வளவு தூரம் வர வேண்டாம்.

இன்னொன்று. மே மாதம் கூட்டம் தாங்காது. உனக்கு லீவு மேயில்தான் என்று தெரியும். ஆனாலும் ஏப்ரலில் வா. ஏப்ரல் தொடக்கம் என்றால் ரொம்ப நல்லது.

அண்ணி நன்றாக இருக்கிறாள். கண்ணாடிக் கடைக்குப் போகிறாள், வருகிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறாள்.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அதை விடாதே.

நீ காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாய். உன் கடிதம் வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். இரண்டு மாதம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இவ யார் வீட்லயும் ரெண்டு ராத்திரி தங்க மாட்டாளே. தலகாணி சரியில்லைன்னு மூணாம் நாள் பஸ் ஏறுறவ. என்ன விஷயம்?"

"என்ன விஷயம்? ஊர் பார்க்க வர்றா."

"ரெண்டு மாசம் பார்க்கிறதுக்கு இங்க என்ன இருக்கு? ஆஸ்பத்திரித் துணைக்கு வர்றவங்கதான் இப்படி நாள் கேட்பாங்க."

என் கையில் தட்டு இருந்தது. கழுவப் போகிறவளைப் போல எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது காகிதத்தை மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டிருந்தார். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டர் விஷயம் கேட்டாய். என்னைத்தான் கூப்பிட்டார், என்னிடம்தான் சொன்னார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தலையை ஆட்டினார். வேறு என்ன வேண்டும்?

பத்து நாள் என்று சொல். அதற்கு மேல் ஒரு நாள் கூடினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். மெலிந்துவிட்டார், பாப்பா. பெல்ட்டில் நானே ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தேன். பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டாதே.

அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

ஒத்தடம் நடக்கிறது. நீங்கள் தூங்குகிறீர்களா?

பத்து நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஏப்ரல் 5 வருகிறேன், 15 கிளம்புகிறேன். திரும்பும் தேதியை மாற்ற முடியாத டிக்கெட்டாகவே வாங்கினேன். மாற்ற முடியும் என்றால் மாற்றிவிடுவேன்.

நெடுநாள் இருந்தால் அண்ணாவுக்குத் தெரிந்துவிடும். சீக்கிரம் கிளம்பினால் நான் இல்லாதபோது அது நடக்கும். பத்து நாள் என்பது இரண்டுக்கும் நடுவில் இல்லை. அவனை ஏமாற்றுவதற்குச் சாதகமான பக்கத்தில் இருக்கிறது. இது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தினமும் அவனோடு இருப்பவர் நீங்கள். உங்கள் பேச்சை மீற எனக்கு உரிமையில்லை.

ஒரே ஒரு கேள்வி. மே வேண்டாம், ஏப்ரலில் வா என்று ஏன் எழுதினான்? கூட்டம்தான் காரணமா? இதற்குப் பதில் எழுத வேண்டாம். அவனிடம் கேட்காமல் நீங்களும் சொல்ல முடியாது, கேட்கவும் முடியாது.

பாப்பா


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நாலு நாளாகத் தூக்கம் தலைகீழாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி? மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடு.

தாவரவியலின் வாய் அடைந்துவிட்டது. அரண்மனையைப் பற்றி நான் ஆரம்பித்ததுமே, "எங்களுக்கு அன்னைக்கு டிக்கெட் கிடைக்கல" என்று நழுவினாள். மியூசியம் போன செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொன்னேன். கூட்டமே இல்லை, சிலைகள் இருக்கும் கூடத்தில் நான் மட்டும் தனியாக நின்றேன் என்று. உன்னிடம் அன்று ராத்திரி சொன்னேனே, அதேதான்.

பத்து நாள் போதுமானதாக இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

வேறென்ன எழுதுவது? அடுத்த தடவை நீ இங்கே வா.

பாப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். நலம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

நான் எதையும் பார்க்கவில்லை. நீங்கள் கடைக்குக் கிளம்பிய பிறகு தினமும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்பதரைக்கெல்லாம் அண்ணா ஆரம்பித்துவிடுவான். "கிளம்பு கிளம்பு. என் மூஞ்சியப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தே? சாயங்காலம் வந்து எல்லாத்தையும் எனக்கு ஒப்பிக்கணும்." கதவுவரை வந்து அனுப்பிவைப்பான். போகமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? ஊர் பார்க்க வந்தவள் நான்.

முதல் நாள் அரண்மனைக்குப் போனேன். வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற குடும்பம் சிரித்துச் சிரித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தது. பாதியில் திரும்பிவிட்டேன். ஆனால் பதினொரு மணிக்கு வீட்டுக்குள் நுழைய முடியாது அல்லவா? உங்கள் வாசலுக்கு எதிரே, காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரி இருக்கிறதே, அங்கே தெருவோரக் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். துணி இல்லாமல் உட்கார்ந்தால் முறைக்கிறார்கள். பக்கத்துக் கடையில் நாலு துண்டு வாங்கி மெஷினில் போட்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அங்கேதான். அதே நாலு துண்டைத் துவைப்பேன், உலர்த்துவேன், மடிப்பேன், மறுபடி போடுவேன். புதுத் துண்டுகள் பத்தே நாளில் நைந்துவிட்டன.

அங்கிருந்து ஐந்தாம் மாடியில் உங்கள் ஜன்னல் தெரியும். வெயில் பட்டு, கண்ணாடி வெறும் வெள்ளையாக இருக்கும். உள்ளே ஒன்றும் தெரியாது. நீல நிறப் பையோடு ஒரு பெண் தினமும் பதினொரு மணி வாக்கில் உள்ளே போவாள். நர்ஸ் என்று பார்த்ததும் புரிந்தது. மதியத்துக்கு மேல் இறங்கி வருவாள். சாயங்காலம் அண்ணா முகம் கழுவி, சட்டை மாற்றி, "எங்க போனே, சொல்லு" என்று உட்கார்ந்திருப்பான். கையில் பஞ்சு ஒட்டிய இடத்தை முழுக்கைச் சட்டையால் மறைத்திருப்பான். டிராவல்ஸ் பையன் கொடுத்த புத்தகத்தில் படித்ததை எல்லாம் நான் ஒப்பிப்பேன்.

பத்து நாளும் இப்படியே போயிற்று. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. உங்களைத் தவிர ஆளில்லை.

பாப்பா


மே 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை. உனக்குத் தூக்கம் நேராகிவிட்டதா?

நீ சொன்ன மியூசியம் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய கூடத்தில் நீ மட்டும். நல்ல கதை.

நாலு நாள் போதும் என்று எழுதினேன் இல்லையா? அது தப்பு. இந்த ஊருக்கு நாலு நாள் போதாது. பத்து நாளும் போதாது. எங்கள் தெருவைப் பார்க்கவே ஒரு மாதம் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த தடவை நாள் குறிக்காமல் வா. தலையணை நல்லதாக வாங்கிவைக்கிறேன்.

முழங்காலைக் கவனி. படியேறாதே. லிப்ட் எதற்கு இருக்கிறது?

அண்ணன்


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

அன்று போனில் நீங்கள் மூன்று வார்த்தை சொன்னீர்கள். நான் "சரி" என்றேன். போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், ஒரு சாவுக்கு "சரி" என்று சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. விசா முடிந்துவிட்டது, மறுபடி கேட்டால் நாலு வாரம் ஆகுமாம். எல்லாம் முடிந்த பிறகு வந்து யாரைப் பார்ப்பது?

உங்கள் மேல் கோபமா என்று கேட்டால், இருந்தது. அண்ணாவின் கூடவே இருக்க வேண்டிய பகல்களை எல்லாம் துண்டு துவைத்துக் கழித்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையாக ஒரு வார்த்தை பேசவில்லை. வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊர் பார்க்க வந்தவள் கேட்கிற கேள்வியாக இருக்காது என்று பயம்.

ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. அதை இப்போது கேட்பது நியாயமில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். கடைசிவரை அவனுக்குத் தெரியாதுதானே? தெரியாமலே போனான் என்றால், அவ்வளவு பொய்யும் ஒருவருக்காவது உதவியது என்று நினைத்துக்கொள்வேன்.

பாப்பா


ஜூலை 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நடமாடுகிறேன். கடைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். இதை வீட்டிலிருந்தே எழுதுகிறேன். இனி ஒளிந்து எழுத வேண்டியதில்லை.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும்.

நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாள் அறையைப் பெருக்கினேன். அவருடைய நாற்காலி ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. பழைய இடத்துக்கு நகர்த்தப் போனேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். "வெயில் மூஞ்சியில அடிக்குதே" என்றேன். அப்புறம்தான் சொன்னார். தினமும் உன்னை அனுப்பியதும், நர்ஸ் வந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஊசி போடுவாளாம். நீ வெளியே போயிருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லி அவளிடம் பேசிவைத்ததும் அவர்தான். இரண்டாவது நாளே உன்னைப் பார்த்துவிட்டார். அவளிடமும் காட்டினாராம். "அதோ பாரு, என் தங்கச்சி. அரண்மனை பார்த்துக்கிட்டிருக்கா." நீ துண்டு மடிக்கும்போது, "இன்னிக்கும் அதே நாலு துண்டுதான்" என்று சிரிப்பாராம். அந்த ஒன்றரை மணி நேரமும் வலி தெரியவில்லை என்று நர்ஸே என்னிடம் சொன்னாள். மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். நீ சந்தேகப்படுவாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நீ மியூசியத்துக்குப் போனதாகச் சொன்னது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை அங்கே லிப்ட் பார்க்கும் நாள். மியூசியத்தையே மூடிவிடுவார்கள். பதினெட்டு வருஷம் செவ்வாய்தோறும் அங்கே வேலைக்குப் போனவர் உன் அண்ணன். நீ சிலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாரே, ஞாபகமிருக்கிறதா?

"ஏன் கூப்பிடல? கையசைச்சிருந்தா மேல வந்திருப்பாளே" என்றேன்.

"வந்தா என்ன பேசுறது? அவளும் பொய் சொல்லணும், நானும் பொய் சொல்லணும். அங்க இருந்தா ரெண்டு பேரும் சும்மா இருக்கலாம்."

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"டாக்டர் என்கிட்டதான் முதல்ல சொன்னார். பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சேன். நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். நீ எனக்குத் தெரிய வேண்டாம்னு அவரைக் கும்பிட்டியாம். சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஆக, பாப்பா, நீ ஜனவரியில் சந்தேகப்பட்டது சரி. பொய்யால் யாருக்கும் ஒன்றும் மிச்சமாகவில்லை. நான் அவரை ஏமாற்றுவதாக நினைத்து அடுப்படியில் அழுதேன். அவர் என்னை ஏமாற்றுவதாக நினைத்து அறையில் சும்மா இருந்தார். உன்னை நடுவில் தெருவில் உட்காரவைத்தோம். கோபம் இருந்தது என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும், அதைப் போக்கிக்கொள்ள அவசரப்படாதே. உனக்கு எழுதக்கூடாது என்று அவர்தான் சொன்னார். "நான் பார்த்தது தெரிஞ்சா வெட்கப்படுவா. அவளுக்கு யாரும் பார்க்கிறது பிடிக்காது" என்றார். அவர் இருக்கும்வரை அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன்.

கடைசி மூன்று நாள் அவருக்கு நினைவு வந்து வந்து போயிற்று. கட்டிலையே ஜன்னலோரம் போட்டுவிட்டேன். அதில் ஒரு நாள் காலை லாண்டரியில் யாரோ ஒரு பெண், உன் உயரம், உன்னைப் போலவே தலையைக் குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பாப்பா இன்னும் கிளம்பலையா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"பத்து நாளுன்னு சொன்னாளே?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்னு சொல்லிட்டா" என்றேன்.

நான் அவரிடம் சொன்ன கடைசிப் பொய் அதுதான். அதை மட்டும் அவர் நம்பினார்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அண்ணி